சவுல் செய்ததில் அப்படி என்ன தப்பு?

மார்ச் 2, மாலை 6.15 (ஒரு வாசகரின் கேள்வி)

இன்று கோவிலில் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலைப் பற்றிப் பிரசங்கம். கீழ்ப்படியாமை என்றாலே அவனைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. ஏழு நாள் காத்திரு என்றார் தீர்க்கதரிசி சாமுவேல். காத்திருந்தான். அவர் வரவில்லை. எதிரே பெலிஸ்தர், பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற படை. பலியிட்டான். அதற்காக ராஜ்யமே போய்விட்டது. அவனுக்குப் பின் ராஜாவான தாவீது இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொன்றான். அவன் வீட்டுக்கு ராஜ்யம் நிலைத்தது. இது என்ன நியாயம்? கீழ்ப்படிதல் என்றால் மேலே இருப்பவர் சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்வதா? எங்கள் சபையில் கணக்குக் கேட்டவர்களுக்கும் இதே வசனத்தைத்தான் காட்டினார்கள். யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 9.40

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். பலியிடுவது ஆசாரியன் வேலை. சவுல் ராஜா. தன் எல்லையைத் தாண்டினான். ஓய்வுநாள் பள்ளியில் 15 வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாவீதும் விழுந்தான், ஆனால் மனந்திரும்பினான். வித்தியாசம் அவ்வளவுதான்.

மார்ச் 3, காலை 5.30

நேற்று எழுதியது தப்பு. படுத்த பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது, எழுந்து வேதத்தைத் திறந்து பார்த்தேன். உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் தாவீது பலியிட்டான் என்று 2 சாமுவேல் 6 சொல்கிறது. அவன் மகன் சாலொமோன் கிபியோனில் 1000 சர்வாங்க தகனபலி செலுத்தினான். இரண்டு பேருமே ஆசாரியர் இல்லை. ஆசாரியர்களை வைத்துத்தான் செய்திருப்பார்கள் என்று சொல்லலாம். அப்படியானால் சவுலும் அப்படியே செய்திருக்கலாம் அல்லவா? சாமுவேல் அவனைக் கடிந்துகொண்டபோது ‘நீ ஆசாரியன் இல்லையே’ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ‘கட்டளையைக் கைக்கொள்ளவில்லை’ என்றுதான் சொன்னார். அந்தக் கட்டளை 1 சாமுவேல் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: நீ எனக்கு முன்னே கில்காலுக்குப் போ, நான் வந்து நீ செய்யவேண்டியதைச் சொல்லும்வரைக்கும் ஏழு நாள் காத்திரு.

கவனியுங்கள், ஏழு நாள் என்பது பாதிதான். ‘நான் வந்து சொல்லும்வரைக்கும்’ என்பது மறுபாதி. சவுல் நாள்களை எண்ணினான். ஆள் வரும்வரை இருக்கவில்லை.

ஆனாலும் தம்பி சொன்ன நெருக்கடி உண்மை. அதை நான் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. சவுல் 3000 பேரைத் தெரிந்துகொண்டிருந்தான், 2000 பேர் தன்னோடு, 1000 பேர் மகன் யோனத்தானோடு. பெலிஸ்தரின் ஜனம் கடற்கரை மணலைப்போல என்று எழுதியிருக்கிறது. இஸ்ரவேலர் கெபிகளிலும் முட்காடுகளிலும் கன்மலைகளிலும் குழிகளிலும் ஒளிந்தார்கள், சிலர் யோர்தானையே தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது மீதி ஏறக்குறைய 600 பேர். ஐந்தில் நான்கு பங்கு காணோம். அந்த 600 பேர் கையிலும் பட்டயம் இல்லை. சவுலிடமும் யோனத்தானிடமும் மட்டுமே இருந்தது. மற்றவர்கள் எதை வைத்துக்கொண்டு நின்றார்களோ!

மார்ச் 3, மதியம் 1.10

பட்டயம் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இஸ்ரவேல் தேசத்தில் கொல்லன் இல்லாதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கொழுவைத் தீட்டவும் கோடரியைத் தீட்டவும் பெலிஸ்தரிடமே போக வேண்டும். அந்த இடத்தில் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ‘அரங்கள் மாத்திரம்’ இருந்ததாக வரும். மூலத்தில் இருக்கிற சொல் ‘பீம்’. அதற்கு அர்த்தம் தெரியாத காலத்தில் அரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த நாட்டு மண்ணைத் தோண்டியபோது ‘பீம்’ என்று பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய ஒரு சேக்கலில் (அந்தக் காலத்து எடை) மூன்றில் இரண்டு பங்கு. ஆக அது தீட்டுக்கூலி. கொழு தீட்ட அவ்வளவு வெள்ளி கொடுத்த விவசாயிகள்தான் அந்தப் படை.

மார்ச் 5, இரவு 10.20

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் கட்டட வேலையில் இருப்பவன். சூப்பர்வைசராகச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போடும் நாள். கம்பி கட்டி முடித்தாயிற்று. முன்பக்கம் நாலடி நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி. ‘நான் வந்து கம்பியைப் பார்க்கிற வரைக்கும் ஒரு சட்டி கலவை விழக்கூடாது’ என்று இன்ஜினியர் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார். ஒன்பது போய் பத்து, பத்து போய் பதினொன்று. போன் எடுக்கவில்லை. கான்கிரீட் கேங் 18 பேர், மிக்ஸர், லிஃப்ட் எல்லாம் வந்து நிற்கிறது. மேற்கே மழை மேகம். மேஸ்திரி வந்தார்: ‘மதியம் வேற இடத்துல வேலை இருக்கு சார், இன்னும் அரை மணி பார்ப்போம், அப்புறம் மெஷினை ஏத்திட்டுப் போயிடுவோம்.’ இரண்டு பேர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சரி, போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவர் பைக் வந்து நின்றது. கீழே நின்றபடியே கேட்டார்: ‘தெருமுனையிலேயே மிக்ஸர் சத்தம் கேக்குதே, யார் ஆரம்பிக்கச் சொன்னது?’

நான் சொன்ன பதில்: ‘ஆட்கள் கிளம்புறேன்னாங்க சார்.’

அவர் மேலே ஏறி வந்தார். பால்கனிப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கலவைக்குள் கையை விட்டுத் துழாவினார். முழங்கை வரை சிமெண்ட். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனிக்கு மேல்கம்பிதான் உயிர். ஐந்து அங்குலத் தளத்தில் அது மேலேயே இருக்க வேண்டும். சட்டி தூக்கி நடந்தவர்கள் மிதித்து மிதித்து, அது அடியில் போய்க் கிடந்தது. அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. ‘அள்ளுங்க’ என்றார். பால்கனியில் போட்ட கலவை முழுவதையும் மண்வெட்டியால் அள்ளி எடுத்து, கம்பியைத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து மறுபடியும் போட்டோம். அதற்குள் மழை வந்துவிட்டது.

பல வருஷம் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நேரத்துக்கு வராதவர் அவர், பழி எனக்கு. 1 சாமுவேல் 13ஐ வாசிக்கும்போதெல்லாம் சவுல் பக்கம் சாய்கிற மனது எனக்கும் உண்டு. அதனால்தான் ஆசாரியன், எல்லை என்று ஒரு சுலபமான பதிலைக் கையில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அது என்னைத் தொடாத பதில்.

மார்ச் 6, காலை 6.00

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. ராத்திரி 15ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அமலேக்கியர் என்ற ஜனத்தை, ஆடுமாடு உட்பட ஒன்றையும் மீதிவைக்காமல் அழிக்க வேண்டும் என்பது கட்டளை. யுத்தம் முடிந்துவிட்டது. முதல்தரமான ஆடுமாடுகளையும் ராஜாவான ஆகாகையும் சவுல் தப்பவைத்தான். அப்புறம் கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான். (எலியாவின் கர்மேல் மலை இல்லை, யூதாவில் எப்ரோனுக்குத் தெற்கே இருக்கிற ஊர்.) சாமுவேலைப் பார்த்ததும், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று இவனாகவே முந்திக்கொண்டு சொல்கிறான். அதற்கு அவர் கேட்கிறார்: ‘அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?’

எனக்குத் தெருமுனை மிக்ஸர் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

எபிரெய மூலத்தில் ஆடுகளின் ‘சத்தம்’ என்பதற்கும் கர்த்தருடைய ‘சத்தம்’ என்பதற்கும் ஒரே சொல்தான், ‘கோல்’. கேட்பது, கீழ்ப்படிவது இரண்டுக்கும் ஒரே சொல், ‘ஷாமா’. அந்த அதிகாரம் முழுக்க இந்த இரண்டு சொல்லும் திரும்பத் திரும்ப வரும். ஆட்டுச் சத்தத்தைக் கேட்கிறேன் என்று சாமுவேல் சொல்வதும் ஷாமா. ‘பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்’ என்பதில் வருகிற கீழ்ப்படிதலும் ஷாமாதான்.

நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘சொன்னா கேளு’ என்றுதானே பிள்ளையிடம் சொல்கிறோம்? அப்பா பேச்சைக் கேட்கிற பிள்ளை என்றால் காது கேட்கிற பிள்ளை என்றா அர்த்தம்? அந்த எபிரெயச் சொல் தமிழில் ‘கேள்’ என்று அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீழ்ப்படிதல் என்று எழுதும்போது குனிந்த தலைதான் கண்ணில் வருகிறது. கேட்டல் என்று வைத்து வாசித்தால் வேறொன்று வருகிறது: இவன் யார் சொல்லைக் கேட்டான்?

சவுலே அதற்குப் பதில் சொல்கிறான், 24ஆம் வசனம்: ‘நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்.’

ஆட்கள் கிளம்புறேன்னாங்க சார்.

மார்ச் 6, இரவு 8.50

ஒரு சகோதரி கேட்டது: ‘ஆட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தக் கட்டளையில் குழந்தைகளும் பால்குடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்களே, அதை எப்படிக் கடந்து போகிறீர்கள்?’

கடந்து போக முடியவில்லை அம்மா. ஓய்வுநாள் பள்ளியில் அந்த 3ஆம் வசனத்தை நான் சத்தமாக வாசித்ததே கிடையாது. அதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய காலத்து யுத்த வழக்கு என்பார்கள், அமலேக்கியர் வனாந்தரத்தில் பின்தங்கிப்போன பலவீனரை வெட்டினார்கள் என்பார்கள். இரண்டாவது உபாகமம் 25இல் இருக்கிறது, உண்மை. ஆனாலும் ஒரு கைக்குழந்தைக்கு முன்னால் அந்தப் பதில் நிற்காது. ஒன்று மட்டும் கவனித்தேன். சவுல் தப்பவைத்தது குழந்தைகளை அல்ல, கொழுத்த ஆட்டையும் ஒரு ராஜாவையும். இரக்கத்தினால் மீறியிருந்தால் நான் அவன் பக்கம் நின்றிருப்பேன். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

மார்ச் 9, மாலை 4.30

இன்று கோவில் முடிந்து வந்து தாவீதை எடுத்துக்கொண்டேன். தம்பியின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே.

‘தாவீதுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பது சரியில்லை. தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி கதையைச் சொல்லி ‘நீயே அந்த மனுஷன்’ என்ற பிறகு, பட்டயம் அந்த வீட்டை விட்டு விலகவே இல்லை. குழந்தை இறந்தது. மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தான், இன்னொரு மகன் அப்சலோம் அம்னோனைக் கொன்றான், அப்புறம் தகப்பனையே துரத்தினான். தாவீது தலையை மூடிக்கொண்டு வெறுங்காலோடு அழுதபடி ஒலிவமலையில் ஏறிப் போனான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், ‘பாவஞ்செய்தேன்’. சவுல் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறான்: என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும். தாவீது எதையும் சேர்க்கவில்லை. ராஜா ஒருவனை முகத்துக்கு நேரே குற்றஞ்சாட்டிய தீர்க்கதரிசி உயிரோடு வீட்டுக்குப் போனான். அதற்கு முன்னால், நாபாலின் மனைவி அபிகாயில். நாபால் வீட்டில் ஒரு ஆண்பிள்ளையையும் விடமாட்டேன் என்று தாவீது 400 பேரோடு கிளம்பி வருகிறபோது, அவள் வழியில் கழுதையை விட்டு இறங்கி அவனோடு பேசுகிறாள். திரும்பிப் போய்விட்டான். ஒரு பெண் சொல்லைக் கேட்டு, அரையில் கட்டின பட்டயத்தை உருவாமலே விட்டான், 400 பேர் பார்த்துக்கொண்டிருக்க. அந்த இடத்தில் சவுல் இருந்தால் அந்த 400 பேர் முகத்தைத்தான் பார்த்திருப்பான்.

தாவீது யார் மனைவியை எடுத்துக்கொண்டானோ, அந்த உரியாவின் காரியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவனைக் கொல்லச் சொல்லிப் படைத்தலைவன் யோவாபுக்கு எழுதின நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினான் தாவீது. அவன் பிரிக்காமல் கொண்டுபோனான். யோவாப் வாசித்தான், ஏன் என்று கேட்கவில்லை, சொன்னபடி செய்தான். அந்த அதிகாரத்தில் கீழ்ப்படிகிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துதான் ஒரு கொலையை நடத்தி முடிக்கிறார்கள்.

மார்ச் 9, இரவு 9.15

நோப் என்ற ஆசாரியர் ஊரை விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் கீழ்ப்படிதலைப் பேசக்கூடாது. தாவீதுக்கு அப்பம் கொடுத்த ஆசாரியரைக் கொன்றுபோடுங்கள் என்று சவுல் தன் சேவகரைப் பார்த்துச் சொல்கிறான். ராஜா எதிரே நிற்கிறான், கையில் ஈட்டியோடு பழகினவன். ராஜாவின் வேலைக்காரர் தங்கள் கைகளை நீட்ட சம்மதிக்கவில்லை. ஏதோமியனான தோவேக்கு ஒருவன்தான் சரி என்றான். அன்று அவன் கொன்றது 85 பேர்.

கீழ்ப்படிந்தவன் பெயர் எழுதியிருக்கிறது. கீழ்ப்படியாத அந்தச் சேவகர்களில் ஒருவர் பெயரும் இல்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியது இவர்களைத்தான் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

மார்ச் 11, இரவு 10.00

இது கொஞ்சம் வழி விலகின குறிப்பு. சவுலின் ஊரான கிபியா எங்கே இருந்தது என்று கேட்டவருக்கு. எருசலேமுக்கு வடக்கே, ஊரை ஒட்டியே இருக்கிற தெல் எல் ஃபுல் என்ற மேடுதான் அது என்று பலர் சொல்கிறார்கள். தொல்பொருள் ஆய்வாளர் ஆல்பிரைட் 1922இல் அங்கே தோண்ட ஆரம்பித்தார். 1960களில் யோர்தான் ராஜா உசேன் அதே மேட்டின் மேல் தனக்கு ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். 1967 யுத்தம் வந்தது, வேலை நின்றது. முடிக்காத அந்தக் கான்கிரீட் கூடு அப்படியே நின்றுபோனது. படத்தில் பார்த்தேன். தூண், உத்தரம், தளம், அவ்வளவுதான், சுவர் இல்லை. என் தொழிலில் பாதியில் நின்ற கட்டடத்தைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். அதுவும் சவுலின் மேட்டில்.

சவுலைப் பற்றி வேதத்துக்கு வெளியே கல்வெட்டு உண்டா என்றும் கேட்டிருந்தார். அவனுக்கு இதுவரை கிடைக்கவில்லை. தாவீதுக்கு 1993இல் வடக்கே தெல் தாணில் ஒரு உடைந்த கல் கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டு, அரமேய எழுத்து. அதில் ‘தாவீதின் வீடு’ என்று இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். எழுதினவன் இஸ்ரவேலின் எதிரி, தான் ஜெயித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

மார்ச் 14, காலை 5.45

என் 6ஆம் தேதிக் குறிப்பில் ஒரு ஓட்டை. சவுல் ஜனங்கள் சொல்லைக் கேட்டதுதான் தப்பு என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அப்படியானால் தலைவன் ஜனங்கள் சொல்லைக் கேட்கக்கூடாதா? அது தம்பியின் சபையில் கணக்குக் காட்டாதவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விடும்.

8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மூப்பர் வந்து ராஜா வேண்டும் என்கிறார்கள். சாமுவேலின் பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டுகிறார்கள், ஆகவே ஜனங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. சாமுவேலுக்கு வருத்தம். கர்த்தர் அவருக்குச் சொல்வது: ‘அவர்கள் சொல்லைக் கேள்.’ அந்த அதிகாரத்தில் இதை மூன்று தடவை சொல்கிறார். பிற்பாடு சவுல் ‘அவர்கள் சொல்லைக் கேட்டேன்’ என்று ஒப்புக்கொள்வதும் எபிரெயத்தில் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான்.

14ஆம் அதிகாரத்தில், சாயங்காலம் வரைக்கும் ஒருவனும் சாப்பிடக்கூடாது என்று சவுல் ஆணையிட்டு வைக்கிறான். அது தெரியாமல் யோனத்தான் கோலின் நுனியால் கொஞ்சம் தேனைத் தொட்டுச் சாப்பிட்டுவிடுகிறான். நீ சாகத்தான் வேண்டும் என்கிறான் தகப்பன். ஜனங்கள் குறுக்கே நின்று, அவன் தலையிலிருந்து ஒரு மயிரும் விழாது என்றார்கள். யோனத்தான் பிழைத்தான். அங்கே ஜனங்கள் சொன்னதுதான் சரி.

மூன்று தலைமுறை தள்ளி, சாலொமோனின் மகன் ரெகொபெயாம். ஜனங்கள் வந்து நுகத்தை லேசாக்குங்கள் என்று கெஞ்சுகிறார்கள். சாலொமோன் வைத்த அந்த நுகம் லேசானதா என்ன? லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர், மாதம் 10,000 பேராக முறைவைத்து. சுமை சுமக்க 70,000, மலையில் கல் வெட்ட 80,000. ஆலயம் கட்ட 7 வருஷம், ராஜாவின் அரண்மனைக்கு 13 வருஷம். நான் கட்டட வேலைக்காரன், இந்தக் கணக்கை வாசித்தால் ஆலயத்தின் பொன்னைவிட அந்த 80,000 பேரின் கைதான் கண்ணில் தெரிகிறது. முதியோர் சொன்ன ஆலோசனை: இன்று நீர் இந்த ஜனத்துக்குச் சேவகனானால் அவர்கள் என்றும் உமக்குச் சேவகராயிருப்பார்கள். கூட வளர்ந்த வாலிபர் சொன்னது: என் தகப்பன் சவுக்கினால் தண்டித்தார், நான் தேள்களினால் தண்டிப்பேன் என்று சொல்லும். வாலிபர் சொன்னதைச் சொன்னான். பத்துக் கோத்திரம் அன்றே போயிற்று. வேலை வாங்க அனுப்பின அதோராமைக் கல்லெறிந்து கொன்றார்கள், ராஜா ரதத்தில் ஏறி ஓடினான். அங்கே எழுதியிருப்பது: ‘ராஜா ஜனங்கள் சொல்லைக் கேளாமற்போனான்.’

சவுல் ஜனங்கள் சொல்லைக் கேட்டுக் கெட்டான், ரெகொபெயாம் கேளாமல் கெட்டான். இரண்டுக்கும் நடுவில் சாலொமோன். கிபியோனில் சொப்பனத்தில் அவன் கேட்டதை நம் மொழிபெயர்ப்பு ‘ஞானமுள்ள இருதயம்’ என்கிறது. மூலத்தில் ‘கேட்கிற இருதயம்’. ஷாமாவேதான். கேட்கிற இருதயம் வேண்டும் என்று ஆரம்பித்தவன், நுகத்தின் கீழ் இருந்தவர்கள் முனகலைக் கேட்டதாக எங்கும் காணோம்.

மார்ச் 14, இரவு 9.30

வேலையிடத்தில் நாள் முழுக்க இதுவே ஓடிக்கொண்டிருந்தது. ‘ஜனங்களுக்குப் பயந்து’ என்று சவுல் சொன்னானே, அந்தப் பயத்தைத்தான் நான் சரியாகப் பார்க்கவில்லை. அன்று மேஸ்திரி ‘சார், மேல்கம்பி இறங்குது, ஆட்கள் மிதிக்கிறாங்க’ என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க வேண்டும். அது வேலையைப் பற்றின பேச்சு. ‘கிளம்பிடுவோம்’ என்பது வேறு பேச்சு. நான் பயந்தது ஆட்கள் இல்லாமல் வாசலில் வீட்டுக்காரர் முன்னால் தனியாக நிற்பதற்கு. பால்கனியில் நாளைக்கு நிற்கப்போகிற அவருடைய பிள்ளைகள் என் கணக்கிலேயே இல்லை. இன்ஜினியர் காத்திருக்கச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

ஆனாலும் அவர் ஒரு போன் பண்ணியிருக்கலாம். அதை இன்றும் சொல்வேன். சாமுவேல் ஏன் தாமதித்தார் என்பதற்கும் வேதத்தில் ஒரு வரி இல்லை.

மார்ச் 17, இரவு 10.40

தம்பி தனியாக எழுதியிருந்தார், இங்கே போடச் சம்மதித்தார். கணக்குக் கேட்டவரிடம் ‘கீழ்ப்படிதல் உத்தமம்’ என்றார்களாம். அதோடு ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்மேல் கை வைக்காதே’ என்றும் சொன்னார்களாம்.

முதல் வசனம் யாரைப் பார்த்துச் சொன்னது? ராஜாவைப் பார்த்து. 15 வருஷம் பாடம் நடத்தியும் இது எனக்கு உறைக்கவில்லை. ஜனங்களைப் பார்த்து, ராஜாவுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சாமுவேல் இதைச் சொல்லவில்லை. பட்டயம் வைத்திருக்கிறவனை, ஸ்தம்பம் நாட்டினவனை நேருக்கு நேர் பார்த்து, நீ கேள் என்கிறார். உபாகமம் 17இல் ராஜாவுக்கென்றே சட்டம் இருக்கிறது. குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்காதே, நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்து உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசி, உன் சகோதரர்மேல் உன் இருதயம் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. சாலொமோனுக்கு எகிப்திலிருந்து குதிரை வந்தது, மனைவிகளும் மறுமனையாட்டிகளும் சேர்ந்து 1000 பேர், ஒரு வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து. மேலே இருப்பவனுக்கு எழுதின சட்டத்தை எடுத்துக் கீழே இருப்பவன் தலையில் வைக்கிறார்கள், தம்பி. அதை அவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

இரண்டாவது வசனம், தன்னைக் கொல்லத் தேடின சவுல் கைக்கு அகப்பட்டபோது எங்கேதி குகையில் தாவீது சொன்னது. தாவீது சவுலைத் தொடவில்லை, உண்மை. சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனது அடித்துக்கொண்டது, அதுவும் உண்மை. அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் என்ன நடந்தது? அவன் குகையை விட்டு வெளியே வந்து, ராஜாவே என்று கூப்பிட்டு, அறுத்த துணியைக் கையில் தூக்கிக் காட்டி, என் பிதாவே பாரும், தாவீது உமக்குப் பொல்லாப்புச் செய்யத் தேடுகிறான் என்று சொல்கிற மனுஷருடைய வார்த்தையை ஏன் கேட்கிறீர் என்று கேட்டான். 3000 பேரோடு வந்த ராஜாவிடம். கையில் அத்தாட்சியோடு. கை வைக்காதவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

மார்ச் 18, காலை 6.10

திருத்தம். 9ஆம் தேதிக் குறிப்பில் தாவீது கேட்கிறவன் என்று கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டேன். ஜனத்தைத் தொகை எடுக்க வேண்டாம் என்று யோவாபே தடுத்தும் அவன் கேட்கவில்லை. அதனால் வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் செத்தார்கள். தாமாருக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு மிகவும் கோபமானான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண் அண்ணன் அப்சலோம் வீட்டில் தனித்துக் கிடந்தாள்.

மார்ச் 23, மாலை 5.00

தம்பி கடைசியாகக் கேட்டது: ‘அப்படியானால் சவுலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள் அண்ணே?’

இன்று வகுப்பில் கழுதையிலிருந்து ஆரம்பித்தேன். காணாமல்போன கழுதைகளைத் தேடி வேலைக்காரனோடு அலைகிற பையன், கையில் தீர்க்கதரிசிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, வேலைக்காரனிடம் கால் சேக்கல் வெள்ளி. ராஜாவாகத் தெரிந்துகொண்ட அன்று தளவாடங்களுக்குள் ஒளிந்துகொண்டான். அப்புறம் யாபேஸ் என்ற ஊர். வலது கண்களையெல்லாம் பிடுங்குவேன் என்று அம்மோனியனான நாகாஸ் அவர்களை மிரட்டின சேதி வந்தபோது சவுலின் ஊர் முழுக்க அழுகிறது. வயலிலிருந்து மாடுகளின் பின்னால் வந்த சவுல், ஜனங்கள் அழுகிற காரணம் என்ன என்று கேட்டான். அன்று நன்றாகக் கேட்டான். யாபேசைக் காப்பாற்றினான். கில்போவா மலையில் பெலிஸ்தரோடு நடந்த யுத்தத்தில் அவன் செத்து, அவர்கள் பெத்சான் மதிலில் உடலைத் தொங்கவிட்டபோது, இரவு முழுவதும் நடந்துபோய் எடுத்து வந்தது அதே யாபேஸ்காரர்கள். ஒரு பையன், ‘சார், அவங்க மறக்கலையா?’ என்று கேட்டான்.

அதற்கப்புறம் இருக்கிற, சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் கதையைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னேன். சவுல் கிபியோனியருக்குச் செய்த கொடுமைக்காக அவன் பிள்ளைகளிலும் பேரன்மாரிலும் ஏழு பேரைத் தூக்கில் போட்டார்கள், தாவீதின் சம்மதத்தோடு. அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்றவர்கள். அவள் பாறையின்மேல் இரட்டுத் துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுப்பின் துவக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை பகலில் பறவையும் இரவில் காட்டு மிருகமும் அந்த உடல்களைத் தொடவிடாமல் காத்தாள். அவள் ஒரு வார்த்தை பேசினதாக எழுதியில்லை. அது தாவீதின் காதுக்குப் போயிற்று. அவன் யாபேசுக்குப் போய்ச் சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் வாங்கிக்கொண்டு வந்து, சேலாவில் கீசின் கல்லறையில் அடக்கம்பண்ணுவித்தான்.

கீஸ் சவுலின் தகப்பன். கழுதை தேடப் போனவன் திரும்பி வராதபோது, கழுதையை மறந்து ‘என் மகனுக்காக என்ன செய்வேன்’ என்று தேடிக்கொண்டிருந்தவர்.